நம் பிள்ளைகளின் மைதானத்தில் யார் நிற்கிறார்கள்?



மாலை மக்தபுக்கு வரும் மாணவர்களில் சிலர் மைதானத்திலிருந்து நேராக ஓடிவருபவர்கள். ஒருவனின் முதுகில் மெஸ்ஸி, இன்னொருவனின் முதுகில் ரொனால்டோ, மற்றொருவனின் முதுகில் எம்பாப்பே. சில மாதங்களுக்கு முன் ஒருநாள், பாடம் தொடங்குமுன் அவர்களிடம் ஒன்று கேட்டேன்: "இந்திய அணியின் கோல்கீப்பர் யார்?" ஏறத்தாழ முப்பது பேர் இருந்த வகுப்பில் ஒரே ஒருவன் கை உயர்த்தினான். "குர்பிரீத் சிங் சந்து, ஹஜ்ரத்" என்றான். அவனுடைய பனியனில் யாருடைய பெயரும் இல்லை. தன் பள்ளி அணிக்காக அவன் மாவட்டப் போட்டியில் ஆடப்போகிறான் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. நான்கு ஆண்டுகளாக என்னிடம் ஓதும் பிள்ளை அவன்.

"உன் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள்?" என்று கேட்டேன்.

"பி.டி. சார் வருவார், ஹஜ்ரத்" என்றான்.

அந்தப் பதில் பல நாட்கள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நள்ளிரவுக்குப் பின் தொடங்கும் ஐரோப்பிய ஆட்டத்திற்கு எங்கள் தெருமுனையில் திரை கட்டுகிறார்கள். தேநீரும் சமோசாவும் வந்துவிடும். வயது வேறுபாடின்றி கூட்டம் சேரும். அன்றைய ஃபஜ்ர் தொழுகையின் வரிசைகள் மெலிந்துவிடும் என்பது தனிக் கவலை. ஆனால் அதே தெருவின் பிள்ளை, பகல் வெளிச்சத்தில், பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில் ஆடும்போது எல்லைக்கோட்டருகே நிற்க ஒருவரும் இல்லை. அந்த ஒருவரும் இல்லாதவர்களில் நானும் ஒருவன்.

இது எங்கள் ஊரின் கதை மட்டுமன்று. 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்திய அணி சீன தைபேயை 5–0 என வென்றது. அணித்தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். அதைக் காண அரங்கிற்கு வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் ஒரு காணொளி வெளியிட்டார். ஐரோப்பிய அணிகளை ரசிப்பவர்கள் தங்கள் தரத்திற்கு அருகில்கூட இல்லை என்று நினைக்கலாம், அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். திட்டுவதற்காகவேனும் அரங்கிற்கு வாருங்கள் என்று வேண்டினார். ஜூன் 4 அன்று கென்யாவுக்கு எதிராக அவருடைய நூறாவது ஆட்டம் நடந்தபோது நுழைவுச்சீட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்திருந்தன. 2024 ஜூனில் அவர் விடைபெற்றபோது அவர் கணக்கில் 94 சர்வதேச கோல்கள். அன்று ஆடிக்கொண்டிருந்தவர்களில் அவரைவிட அதிகம் அடித்தவர்கள் ரொனால்டோவும் மெஸ்ஸியும் மட்டுமே. அத்தகைய ஒருவர், தன் நாட்டு மக்களிடம், வந்து பாருங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

2025 டிசம்பரில் மெஸ்ஸி கொல்கத்தாவிற்கு வந்தார். அவர் அங்கே பந்தாட வரவில்லை. கையசைத்துச் செல்லவே வந்தார். ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள், அவரைச் சரியாகக் காண முடியாத ஆத்திரத்தில் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தனர். அதே நாட்களில் நாட்டின் முதன்மைக் கால்பந்துத் தொடரான ஐ.எஸ்.எல். தொடங்கவே இல்லை. வீரர்கள் ஆட்டமின்றிக் காத்திருந்தனர். அதற்காக எந்த நாற்காலியும் உடையவில்லை. உடைவதை நான் விரும்பவும் இல்லை. ஆனால் ஒரு கேள்விகூட எழவில்லையே!

வெளிநாட்டு வீரரை ரசிப்பது தவறா என்று கேட்கலாம். தவறில்லை. அபிசீனியர்கள் மஸ்ஜிதில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மனம் நிறையப் பார்த்து முடிக்கும்வரை உடன் நின்றார்கள். திறமை எங்கிருந்து வந்தாலும் அது அல்லாஹ் அளித்த அருட்கொடை. ஆனால் ஸஹீஹுல் புகாரியில் இன்னொரு நிகழ்வும் உண்டு. அஸ்லம் குலத்து இளைஞர்கள் இரு அணிகளாகப் பிரிந்து அம்பெய்து போட்டியிட்டுக்கொண்டிருந்தனர். அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள் நின்றார்கள். அவர்களுடைய தந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களும் அம்பெய்பவராக இருந்ததை நினைவூட்டி உற்சாகப்படுத்தினார்கள். தாம் ஓர் அணியின் பக்கம் என்றும் சொன்னார்கள். உடனே எதிரணியினர் கையை நிறுத்திக்கொண்டனர். அல்லாஹ்வின் தூதர் அந்தப் பக்கம் இருக்கையில் நாங்கள் எப்படி எய்வோம் என்றனர். அப்படியானால் எய்யுங்கள், நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்று அவர்களைத் தேற்றினார்கள்.

இந்த நிகழ்வை எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்த மாணவனின் பதிலைக் கேட்ட பிறகுதான் அதன் ஒரு பகுதி எனக்கு விளங்கியது. அந்த இளைஞர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள் அல்லர், தெருப் பிள்ளைகள். ஒரு சமுதாயத்தின் தலைவர் தம் வழியில் நின்று அவர்களைப் பார்த்தார்கள். யார் நம்மைப் பார்க்கிறார்கள் என்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிது என்பதற்கு, எதிரணி கையை நிறுத்தியதே சான்று.

"நம்மவர்கள் நன்றாக ஆடுவதில்லையே, எப்படிப் பார்ப்பது?" என்பது நியாயமான கேள்வி. இந்திய ஆண்கள் அணி 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை என்பதும், 2025 நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்றது என்பதும் உண்மை. நிர்வாகக் கோளாறுகளும் நிறைய. ஆயினும் தரம் வந்தபின் பார்க்கிறோம் என்பவர்கள், பார்ப்பவர்கள் இல்லாமல் தரம் எங்கிருந்து வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆள் வராத ஆட்டத்திற்கு விளம்பரதாரர் வரமாட்டார். அவர் வராவிட்டால் நல்ல திடலும் பயிற்சியாளரும் வரமாட்டார்கள்.

நம்மிடம் தரம் இருந்ததே இல்லை என்று எண்ணுவதும் மறதிதான். ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் அவர்கள் ஒரு பள்ளி ஆசிரியர். அவருடைய பயிற்சியில்தான் இந்தியா 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அரையிறுதிக்குச் சென்றது. 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என வென்று மீண்டும் தங்கம் பெற்றது. புற்றுநோயின் வேதனையோடு அந்த அணியை நடத்தியவர், மறு ஆண்டே வஃபாத்தானார். ஐரோப்பியப் பயிற்சியாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

முஹம்மத் ஸலாஹ் கோல் அடித்து ஸஜ்தாவில் விழும்போது நம் பிள்ளைகளின் முகம் மலர்கிறது. எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அவர் எகிப்தின் நக்ரீக் கிராமத்திலிருந்து கெய்ரோவுக்குப் பயிற்சிக்காகப் பேருந்து மாறி மாறிப் பல மணி நேரம் சென்றுவந்த சிறுவர். நமக்கு அவர் அயல்நாட்டு நட்சத்திரம். நக்ரீகிற்கு அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒவ்வொரு நட்சத்திரமும் ஏதோ ஒரு தெருவின் பிள்ளைதான். நம் தெருவின் பிள்ளையை மட்டும் நாம் ஏன் பார்ப்பதில்லை?

நான் சொல்வது குலவெறியோ நாட்டுவெறியோ அன்று. தன் கூட்டத்தார் என்பதற்காக அநீதிக்குத் துணைபோவதுதான் மார்க்கம் கண்டித்த அஸபிய்யா. அருகிலிருப்பவரின் உரிமையை அறிந்து நடப்பது அதற்கு நேரெதிரானது. தர்மத்தையே நெருங்கியவரிடமிருந்து தொடங்கச் சொன்ன மார்க்கம் இது. ஒரு கைதட்டலை மட்டும் ஏன் தொலைதூரத்திற்கே அனுப்ப வேண்டும்?

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவனது அடுத்த ஆட்டத்திற்குச் செல்ல வேண்டும் என்று உறுதி கொண்டேன். வேலைகளைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டேன். ஒருநாள் விசாரித்தபோது, அவன் அணியிலிருந்து விலகிவிட்டான் என்றார்கள். அவனுடைய அத்தாவைச் சந்தித்தேன். அவரும் ஓர் ஐரோப்பிய அணியின் தீவிர ரசிகர்; இரவெல்லாம் விழித்து ஆட்டம் பார்ப்பவர். "ஆடி என்ன ஆகப்போகுது ஹஜ்ரத், பத்தாம் வகுப்பு வேற" என்றார். ஏழைத் தகப்பனின் கேள்வி அது. அதை நான் இகழமாட்டேன். "ஒரு ஆட்டமாவது பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் தலை குனிந்தார். நானும் போகாதவன் என்பதால் மேலே ஒன்றும் பேச இயலவில்லை.

அவன் இப்போது ஞாயிறு காலையில் மட்டும் ஆடுகிறான். சென்ற ஞாயிறு நான் போனேன். அவன் அத்தாவும் வந்திருந்தார்.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். மாவட்டத்திலோ மாநிலத்திலோ ஆடும் பிள்ளை நம் மஹல்லாவில் இருந்தால், ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்பில் அவன் பெயரைச் சொல்லுங்கள். தெருத்திரைக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியை அவன் காலணிக்கு ஒதுக்குங்கள். பெற்றோர்களே, மாதம் ஒருமுறையாவது, தொழுகை நேரத்தைப் பேணியபடி, உங்கள் பிள்ளையின் எல்லைக்கோட்டருகே போய் நில்லுங்கள். அவன் மெஸ்ஸி ஆகாமல் போகலாம். தன்னைப் பார்க்க ஒருவர் வந்தார் என்ற நினைவு அவனோடு இருக்கும்.

நமக்கு அருகில் அல்லாஹ் வைத்திருக்கும் அருட்கொடைகளைக் காணும் கண்களை அவனே நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.