வாப்பாவைக் கதிரையில் இருத்தி வைக்காதீர்கள்



இதையெல்லாம் வெளியில் எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். எழுதாமல் இருந்ததால்தான் இந்த நிலை.

கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரை நம் ஊர்களில், புரொஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து வரும் ஆண்களுக்கு நாம் செய்யும் முதல் வேலை, விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போடுவது. "இனி நீங்க ஒண்டும் செய்ய வேணாம், ரெஸ்ட் எடுங்க." மஹரகமவிலிருந்து வந்த என் வாப்பாவின் கையிலிருந்த சந்தைப் பையைப் பறித்தவன் நானும்தான். பாசம் என்று நினைத்தேன். அது அறியாமை.

கடலில் வலை இழுத்தவர்கள், உப்பளத்தில் உப்புச் சுமந்தவர்கள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வெறுங்கையோடு இந்தக் கரைக்கு வந்து கொட்டில் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். இவர்களையா சந்திவரை நடக்க வேண்டாம் என்கிறோம்?

இந்த நோய் ஆண் ஹோர்மோனை வைத்து வளர்வது. அதனால் பலருக்கு ஊசி போட்டோ விதைகளை அகற்றியோ அந்த ஹோர்மோனைக் குறைக்கிறார்கள். நோய் அடங்கும். ஆனால் தசை கரையும், எலும்பு பலமிழக்கும், வயிறு வைக்கும், சீனி வருத்தமும் இருதய வருத்தமும் வரும் வாய்ப்புக் கூடும். மனமும் சோரும். அப்படிப்பட்டவரைக் கதிரையில் இருத்தினால் அத்தனையும் இன்னும் வேகமாக நடக்கும். இந்தக் களைப்பு படுத்தால் தீராது. அளவாக நடந்தால்தான் குறையும்.

அமெரிக்காவில் இந்நோய் வந்த 2,705 ஆண்களைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 2011 இல் வெளியானது. வாரத்தில் 3 மணித்தியாலமோ அதற்கு மேலோ கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்கள், 1 மணித்தியாலத்துக்கும் குறைவாகச் செய்தவர்களைவிட, இந்நோயால் மரணிப்பது 61 சதவீதம் குறைவாக இருந்தது. உடற்பயிற்சி மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் உலக சுகாதார ஸ்தாபனம் 2020 இல் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டது: வாரம் குறைந்தது 150 நிமிடம் வேகமான நடை, இரண்டு நாள் தசைகளுக்குப் பயிற்சி.

"ஐந்து நேரமும் தொழுறாரே, அது போதாதா?" என்பார்கள். தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சிக் கணக்கில் போடாதீர்கள். உண்மையில் இவர்களுக்கு இருந்த நடை பள்ளிக்குப் போய்வரும் நடைதான். அதுவும் நின்றுவிட்டது. ஏன்?

என் வாப்பா பள்ளிக்குப் போகாததன் காரணம் எனக்கு மாதக்கணக்கில் தெரியாது. சிறுநீர் சொட்டுகிறது. வெட்கம். அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. இதற்கு மார்க்கத்தில் சட்டம் இருக்கிறது: தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, பேம்பர்ஸ் வைத்து, வுழூச் செய்து, தாமதிக்காமல் தொழலாம். இடையில் சொட்டினாலும் தொழுகை கூடும். இதை ஒரு ஜும்ஆவில் சொல்ல நம் மிம்பர்களுக்கு என்ன தடை? உடம்பு அமானிதம் என்று பயான் பண்ணுகிறோம். அந்த உடம்பிலிருந்து சிறுநீர் சொட்டினால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம்.

வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் பாரம் தூக்குவதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டும். வெயில் ஏறுமுன் சுபஹுக்குப் பிறகு, அல்லது அஸருக்குப் பிறகு 10 நிமிடம் நடக்க வையுங்கள். மெதுவாக 30 ஆக்குங்கள். கையூன்றாமல் கதிரையிலிருந்து 10 தடவை எழும்பி உட்காரட்டும். சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி விடும் பயிற்சியை நாளுக்கு மூன்று வேளை செய்யட்டும். குழாய் போட்டிருக்கும்போது மட்டும் வேண்டாம்.

பள்ளி நிர்வாகங்களே, ஏசி பூட்டக் காசு சேர்க்கிறோம். ஒரு கொமோட் மலசலகூடமும் பேம்பர்ஸ் போட மூடியுள்ள வாளியும் வைக்க எவ்வளவு செலவாகும்? சுபஹ் முடிந்ததும் நான்கு பேர் சேர்ந்து கடற்கரைப் பக்கம் நடக்க ஒரு சதமும் தேவையில்லை.

பிள்ளைகளே, கட்டாரிலிருந்து காசு அனுப்புவது நல்லதுதான். அடுத்த முறை கோல் எடுக்கும்போது "மருந்து குடிச்சீங்களா?" என்பதோடு நிறுத்தாமல், "இண்டைக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க வாப்பா?" என்றும் கேளுங்கள்.

சந்தைப் பையை நான் வாப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் கொடுங்கள்.