டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கடைக் காணியின் உறுதியை நம்மில் யாரும் மேசனின் பெயரில் எழுதுவதில்லை. டொமைனை மட்டும் இணையத்தளம் செய்து தருபவரின் பெயரிலேயே பதிய விட்டுவிடுகிறோம். கடவுச்சொல்லும் அவரிடமே. அவர் வெளிநாடு போய்விட்டால்?

இதில் அதிகம் அடிபடுவது மின்னஞ்சல்தான் என்பது என் கருத்து. ஒவ்வொரு டொமைனுக்கும் டீ.என்.எஸ். என்ற பதிவேடு உண்டு. அதிலுள்ள 'ஏ' பதிவு, தளம் எந்தக் கணனியில் இருக்கிறது என்று காட்டும். 'எம்.எக்ஸ்.' பதிவு, கடிதங்கள் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று காட்டும். தளத்தை வேறிடத்துக்கு மாற்ற, பெரும்பாலும் 'ஏ' பதிவை மாற்றினாலே போதும். ஆனால் பலர் நேம்சேர்வரையே மாற்றிவிடுகிறார்கள். பழைய எம்.எக்ஸ். பதிவைப் புதிய இடத்தில் எழுதாவிட்டால் தளம் அழகாகத் திறக்கும். ஓடர் கடிதமோ அனுப்பியவருக்கே திரும்பும், அல்லது நீங்கள் பார்க்காத பெட்டியில் விழும். சீனாவிலிருந்து இன்வொய்ஸ் வரும் என்று காத்திருக்க வேண்டியதுதான்!

எஸ்.பி.எப். பதிவும் முக்கியம். உங்கள் பெயரில் கடிதம் அனுப்ப எந்தச் சேர்வருக்கு அனுமதி என்பதை அதுவே சொல்கிறது. அதுவோ டீ.கே.ஐ.எம். பதிவோ இருக்கவேண்டும் என்று 2024 பெப்ரவரி முதல் ஜீமெயில் கேட்கிறது.

பதிவுக் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தொடர்பு முகவரியாக அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றுபோனால் கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் வராது. எதையும் மாற்றுமுன் இப்போதுள்ள பதிவுகள் முழுவதையும் பிரின்ட் எடுத்து உறுதிகளோடு வையுங்கள்.