சமத்தாகத் தூங்கும் குழந்தையா? கொஞ்சம் கவனியுங்கள்!

என் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் முழுக்கப் பேரன் ஒரே தூக்கம். பாலுக்குக்கூட அழவில்லை. "என்ன சமத்து! பெத்தவளைப் படுத்தவே இல்லையே" என்று பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள். நானும் பூரித்துப் போனேன்.

ஐந்தாம் நாள் காலை, துணி மாற்ற ஜன்னல் ஓரம் எடுத்துப் போனபோது பகீரென்றது. முகம் முதல் உள்ளங்கால் வரை மஞ்சள்! அறைக்குள் பல்பு வெளிச்சத்தில் அது தெரியவே இல்லை. "இது சகஜம்டி. இளவெயில்ல காட்டு, சர்க்கரைத் தண்ணி குடு, சரியாயிடும்" என்றாள் என் அம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினோம்.

ரத்தப் பரிசோதனை செய்து, கண்ணைக் கட்டி, இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் போட்டார்கள். இந்த மஞ்சள் அளவு மீறினால் மூளையையே பாதிக்குமாம்!

அம்மா சொன்னதில் பாதி நிஜம்தான். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வரும் பிலிரூபினைப் பிஞ்சு ஈரலால் உடனே வெளியேற்ற முடியாது. அதனால் இரண்டு, மூன்றாம் நாளில் லேசான மஞ்சள் வருவது சகஜம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும். வெயிலில் மஞ்சள் வெளுப்பதை 1956-ல் இங்கிலாந்தில் ஒரு நர்ஸ் கவனித்ததிலிருந்துதான் இந்த விளக்கு வைத்தியமே பிறந்தது. ஆனால், அளவு மீறிய மஞ்சளுக்கு வெயில் போதாது.

பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, கீச்சுக் குரலில் வீறிட்டாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாவிட்டாலும், மலம் வெளுத்துப் போனாலும் கட்டாயம் காட்ட வேண்டும். குறைமாதக் குழந்தைக்கும், தாய்க்கு நெகடிவ் ரத்தமானால் அவள் குழந்தைக்கும் கூடுதல் கவனம் தேவை.

சர்க்கரைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தூங்கினாலும் எழுப்பி, நாளைக்கு 8 முதல் 12 தடவை தாய்ப்பால் கொடுங்கள். மலத்தோடு மஞ்சளும் வெளியேறும்.

இப்போது என் பேரன் பாலுக்கு அழுதால் தெருவே கூடுகிறது. அந்த அழுகைதான் என் காதுக்குச் சங்கீதம்!