சபர் செய் என்றால் போதுமா?

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையொன்று வாரக்கணக்கில் முகம் வாடிக் கிடக்குமாயின், நம் இல்லங்களில் அதற்கு வழங்கப்படும் மருந்துகள் மூன்று. முதலாவது ஏச்சு: "உண்ணச் சோறும் உடுக்கத் துணியும் இருக்க, உனக்கென்ன குறை?" இரண்டாவது உபதேசம்: "ஈமானில் பலவீனம், தொழு, சபர் செய், எல்லாம் சரியாகிவிடும்." மூன்றாவது தாயத்தும் ஓதிய தண்ணீரும். பிள்ளையின் அருகில் அமர்ந்து, "உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டு, அது சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் செவிமடுக்கும் நான்காவது மருந்தோ பெரும்பாலான வீடுகளில் கையிருப்பில் இல்லை. இந்த வழக்கம் தவறானது, மார்க்கத்தின் பெயரால் இதனை நியாயப்படுத்துவது அதனினும் பெருந்தவறு என்பதே நம் வாதம்.

தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காக இரண்டு நாள் அழும் பிள்ளையைப் பற்றி நாம் பேசவில்லை. அது துயரம், வரும், போகும். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துயரம் நாள்தோறும் நீடித்து, விரும்பிய விளையாட்டும் நட்பும் கசந்து, உறக்கமும் உணவும் குலைந்து, படித்தது மனத்தில் தங்காமல், "நான் எதற்கும் பயனற்றவன், இனி ஒன்றும் ஆகப்போவதில்லை" என்ற எண்ணம் வேரூன்றுமானால், அதனை மருத்துவ உலகம் மனச்சோர்வு நோய் என்கிறது. இளம்பருவத்தில் இந்நோய் அழுகையாக அல்லாமல் எரிச்சலாகவும் சினமாகவும் வெளிப்படுவதுண்டு. நாம் 'திமிர்' என்று பெயர் சூட்டி அடக்க முனைவது சில வேளைகளில் இந்நோயைத்தான்.

இது அரிதான நோயுமன்று. பத்து முதல் பத்தொன்பது வயதிற்குட்பட்டோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுக்கு ஆளாகியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவ மாணவியர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். நாளொன்றுக்கு முப்பத்தைந்து பேர்! இவர்கள் அனைவரும் பிறர் வீட்டுப் பிள்ளைகள், நம் மஹல்லாவிற்குள் அக்காற்று வீசாது என்று எண்ணுவோர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கின்றனர்.

"முஃமினுக்கு நம்பிக்கையிழப்பு கூடாது என்று திருமறை கூறவில்லையா?" என்று கேட்பார்கள். கூறுகிறது. யாருடைய வாயிலாக எப்பொழுது கூறுகிறது என்பதைச் சற்றே நிதானித்து நோக்க வேண்டும். சூரா யூசுஃபில், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று தம் மக்களுக்கு எடுத்துரைத்தவர் யஃகூப் நபி (அலை) அவர்கள். மகனைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளிறிப் போன தந்தை அவர்! அத்துயரைக் கண்டு குறை சொன்னவர்கள் அவருடைய மக்களே. இறைவன் அவரைக் கண்டிக்கவில்லை. அதுமட்டுமன்று. நம்பிக்கை இழக்காதீர்கள் என்ற சொல்லுக்கு முன்னர், யூசுஃபையும் அவர் சகோதரரையும் சென்று தேடுங்கள் என்ற கட்டளை வருகிறது. தேடலோடு சேர்த்தே அந்த உபதேசம் வழங்கப்பட்டது. தேடலை விட்டுவிட்டு உபதேசத்தை மட்டும் பிள்ளையின் தலையில் சுமத்துகிறோமே, இது எவ்வகை நியாயம்?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த ஆண்டு, துயர ஆண்டு என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. அருமை மகன் இப்ராஹீம் மறைந்தபோது அவர்களின் கண்கள் கலங்கின. நபிமார்களின் துயரத்தை ஈமானின் குறை என்று சொல்லத் துணியாத நாம், பதினாறு வயதுக் குழந்தையின் துயரத்தை மட்டும் அவ்வாறு சொல்லத் துணிகிறோம்.

மனநோய்க்கு மருத்துவரை நாடுவது மேனாட்டு மோகம் என்போர் தம் வரலாற்றையே அறியாதவர்கள். கி.பி. 934 இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒருங்கே ஆராய்ந்து 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலை எழுதினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாத துயரம் வேறு என்று பிரித்து, இரண்டிற்கும் வெவ்வேறு மருத்துவம் வகுத்தார். 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப் பகுதி இருந்தது. அத்தகைய முன்னோரின் வழித்தோன்றல்கள் என்று மேடையில் முழங்கும் நாம், வீட்டிற்குள் பிள்ளையின் நோயை ஜின்னின் சேட்டை என்று முடிவு கட்டுகிறோம்.

அம்முடிவு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கே தனியார் விடுதியொன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்பியோட வழியின்றி மாண்டனர். துஆவை நாம் மறுக்கவில்லை; துஆ நம் உயிர்மூச்சு. காய்ச்சலுக்குத் துஆவும் கேட்டு மருந்தும் உண்ணும் நாம், மனத்தின் நோய்க்கு மட்டும் மருந்தை விலக்குவதேன் என்றே கேட்கிறோம்.

நோயின் காரணங்களில் நம் பங்கையும் மறைத்தல் ஆகாது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் முறையைத் தமிழக அரசு 2017 லேயே கைவிட்டது. நாமோ கலியாண வீட்டிலும் பெருநாள் விருந்திலும், "மாமி மகன் எவ்வளவு, நீ எவ்வளவு?" என்று கேட்டு அதனை மீண்டும் நடத்துகிறோம். வளைகுடாவில் உழைக்கும் வாப்பா தொலைபேசியில் முதலில் கேட்பது மதிப்பெண்ணைத்தான். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்படும் என்று அறிந்த பெண் பிள்ளை, எந்த நம்பிக்கையில் புத்தகத்தைத் திறப்பாள்?

இவற்றிற்கெல்லாம் மேலாக நம் வாயை அடைப்பது மானம். "வெளியே தெரிந்தால் நாளை நல்ல சம்பந்தம் வருமா?" என்ற அச்சத்தில் நோயை மூடி மறைக்கிறோம். மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்ட பின்னர் எந்த மானத்தைக் காக்கப் போகிறோம்? தன்னுயிரை மாய்ப்பது ஹராம் என்பதில் இரு கருத்தில்லை. ஹராம் என்று அறிவிப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அவ்விளிம்பிற்கு வந்த பிள்ளையின் கையைப் பிடித்து இழுப்பதும் நம்மீது கடமையே.

ஆகவே பெற்றோர்களே, கேளுங்கள். "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று வெளிப்படையாகவே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பாரம் இறங்கவே அது உதவும் என்பது மனநல மருத்துவர்களின் தெளிவு. ஆம் என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பேச்சுமுறைச் சிகிச்சையாலும், தேவையெனில் மருத்துவரின் மேற்பார்வையில் தரப்படும் மருந்தாலும் இந்நோய் குணமாகிறது.

கண்ணியத்திற்குரிய ஆலிம்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தின் ஜும்ஆவிலேனும் மிம்பரிலிருந்து இதனைப் பேசுங்கள். தோற்ற பிள்ளையைக் கடியாதீர் என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, முதல் மதிப்பெண் பெற்றவருக்குப் பொன்னாடை போர்த்தும் அதே வாரத்தில், தோல்வியுற்ற பிள்ளைகளின் வீடுகளுக்கும் சென்று வாருங்கள். துணைத் தேர்வு இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம் என்று அவர்களிடம் கூறிவிட்டு வாருங்கள். வல்லோன் அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக! ஆமீன்.