பேசியவர்கள் பட்டியல்

கிராமத்து மிஷன் ஆரம்பப் பள்ளிகளுக்கு என்று ஒரு ஜாதகம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. பக்கத்தில் சர்ச். முற்றத்தில் வேப்பமரம். அதில் மணிக்குப் பதில் தொங்கும் தண்டவாளத் துண்டு. ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர். அதில் ஒருவர் 'பெரிய டீச்சர்', அதாவது ஹெட்மிஸ்ட்ரஸ். உருவத்துக்கும் பட்டத்துக்கும் சம்பந்தமில்லை. நெல்லைப் பக்கம் டி.டி.டி.ஏ. பள்ளி, தஞ்சை, திருச்சிப் பக்கம் டி.இ.எல்.சி. பள்ளி, மற்றபடி எங்கும் நிறைந்த ஆர்.சி. பள்ளி என்று போர்டு மட்டும் மாறும். உள்ளே ஒன்றுதான். கட்டடம் மிஷன், சம்பளம் சர்க்கார், பிள்ளைகள் ஊர்.

நான் அப்படி ஒன்றில் படித்தவன். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். பெரிய டீச்சர் இந்தப் பத்திரிகையை வாராவாரம் படிக்கிறார்.

ஜூலை கடைசியில் ஆடிக்கொடைக்காக ஊருக்குப் போனேன். ஒரு வாரம் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம். திங்கட்கிழமை பத்து மணி மீட்டிங்கில் பெங்களூர் மேனேஜர், "பின்னால் என்ன சத்தம், ஏதாவது போராட்டமா?" என்று விசாரித்தார். ஏழாம் வாய்ப்பாடு என்றேன். ஏழு எட்டு ஐம்பத்தாறு வரும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உங்கள் கணக்கைவிட இது சரியாக இருக்கிறது" என்றார். மேனேஜர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி மாதக் கடைசியில்தான் வருகிறது.

திங்கட்கிழமை என்றால் கொடியேற்றம், தமிழ்த்தாய் வாழ்த்து, அப்புறம் ஜெபம். ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம், மற்றவர்களுக்கு நன்னெறி. என் காலத்தில் இருந்ததே ஒரு ஹால்தான். நன்னெறி இந்த ஓரம், வேதபாடம் அந்த ஓரம். இங்கே 'பொய் சொல்லக் கூடாது' ஓடிக்கொண்டிருக்கும். அங்கே தாவீது கவண்கல்லைச் சுழற்றிக்கொண்டிருப்பான். காது எந்தப் பக்கம் போகும் என்று நீங்களே சொல்லுங்கள். நான்காம் வகுப்பில், சும்மா எழுதிப் பார்க்கிறேன் என்று வேதபாடப் பரீட்சைக்கு உட்கார்ந்து முதல் பரிசு வாங்கினேன். பரிசு ஒரு புதிய ஏற்பாடு. எங்கள் ஆச்சி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, திருச்செந்தூர் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் விபூதி இட்டுவிட்டாள். இன்றும் அங்கேயே இருக்கிறது. இரண்டு பேரும் ஆட்சேபிக்கவில்லை.

அப்போது ஒண்ணாப்பில் மணல் உண்டு. தரையில் மணலைப் பரப்பி விரலால் 'அ' போட வேண்டும். தப்பானால் உள்ளங்கையால் ஒரு தடவு. ரப்பர் செலவு மிச்சம். இந்த மணலுக்கு ஒரு பெரிய கதை இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, வளர்ந்த ஆள், பாதிரியார், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரல் வைத்துத்தான் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டார். அப்புறம் 1789-ல் ஆண்ட்ரூ பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார், சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் அதிகம், உருப்படியான வாத்தியார்கள் குறைவு. போகிற வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பொடியன்கள் மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அட, இது நல்ல வழி என்று தன் வாத்தியார்களிடம் சொன்னார். அவர்கள் முடியாது என்றார்கள். (வாத்தியார்கள் என்றும் மாறுவதில்லை.) பெல் கோபித்துக்கொள்ளவில்லை. எட்டு வயசுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். அவன் சொல்லிக் கொடுத்துவிட்டான்.

நம் திண்ணைப் பள்ளியில் இதற்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பெல் இதை 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் ஸிஸ்டம்' என்று இங்கிலாந்தில் பள்ளி பள்ளியாகப் பரவியது. 1832-ல் இறந்தபோது அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் அடக்கம் செய்தார்கள். திண்ணையில் மணல் பரப்பிய நம்ம ஊர் வாத்தியாரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் பேடன்ட் வாங்கியிருக்க வேண்டும்.

சட்டாம்பிள்ளை எங்கும் போய்விடவில்லை. உங்கள் ஆபீஸில் டீம் லீடர் என்று உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பள்ளியில் இன்றைக்கு அந்தப் பதவியில் இருப்பது நாலாங்கிளாஸ் பெண் ஒன்று. இரட்டைச் சடை, முன்பல் ஒன்று பாதிதான் முளைத்திருக்கிறது. பெரிய டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு சர்ச் வாசலுக்குப் போகும்போதெல்லாம் வகுப்பு அவள் கையில். போர்டில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுப்பாள். அவ்வளவுதான், கப்சிப்.

பெரிய டீச்சர் சர்ச் வாசலுக்குப் போவது ஜெபத்துக்கு இல்லை, ஸிக்னலுக்கு. காலை வருகைப் பதிவு இப்போது எமிஸ் ஆப்பில் ஏற்ற வேண்டும். பள்ளிக்குள் டவர் கிடைப்பதில்லை. மூன்றாவது படியில் கிடைக்கிறது. "ஆண்டவர் வழி காட்டுதாரு" என்கிறார். பாதி வேடிக்கையாகத்தான்.

அந்த வாரம் ஏற்றிய எண்ணிக்கை 34. அதற்கு முந்தின வருஷம் 41. ஆகஸ்ட் 1-ம் தேதி நிலவரம்தான் கணக்கு. எத்தனை பிள்ளை, எத்தனை டீச்சர் என்று அன்றைய தலைகளை வைத்துத்தான் சர்க்கார் நிர்ணயம் பண்ணுகிறது. கணக்குக்கு மேலே உள்ள ஆளை 'உபரி' என்பார்கள். நம் ஊரில் மின்சாரத்துக்கும் நெல்லுக்கும் கிடைக்காத பட்டம். பெரிய டீச்சருக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட்.

"எனக்கு ஒண்ணும் இல்லடே. எனக்குப் பொறகு இந்த எடத்துக்கு ஆள் போடுவாங்களான்னுதான் தெரியல. போடலன்னா சின்ன டீச்சர் ஒத்தையா அஞ்சு கிளாஸ் பாக்கணும். அப்புறம் பூட்டுதான்."

நான் வருத்தமாகத் தலையாட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்கு முப்பத்தி நாலு ஆச்சுல்லா? காலாகாலத்துல கல்யாணத்த முடிச்சிருந்தா இந்நேரம் எனக்கு ரெண்டு அட்மிஷன் கெடச்சிருக்கும்."

கல்யாணம் பண்ணாததற்கு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். ஆரம்பக் கல்வியின் வீழ்ச்சிக்கு நான் காரணம் என்பது புதுசு.

பிள்ளைகள் குறைந்ததற்கு நிஜக் காரணங்கள் இரண்டு. ஒன்று சாப்பாடு. 1956-ல் காமராஜர் போட்ட மதிய உணவும் 1982-ல் எம்.ஜி.ஆர். போட்ட சத்துணவும் இந்தப் பள்ளிகளிலும் உண்டு. காலை உணவு அப்படி இல்லை. 2022 செப்டம்பரில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் அரசு ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்தது 2024 ஜூலை 15-ல்தான். நடுவில் பதினோரு மாதம், கீழத்தெரு ஒன்றியப் பள்ளியில் காலையில் சாம்பார் வாசனை, இங்கே வெறும் ஜெபம். ஏழு பிள்ளைகள் அந்த வாசனையோடு போய்விட்டார்கள். இப்போது இங்கேயும் பொங்கல் உண்டு. போனவர்கள் திரும்பவில்லை.

இரண்டாவது காரணம் மஞ்சள் நிறத்தில் இருக்கும், ஏழே முக்காலுக்கு வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். வேனைச் சமாளிக்க டீச்சர்கள் இருவரும் சொந்தக் காசில் பாதிப் பாதி போட்டு ஓர் ஆட்டோ வைத்திருக்கிறார்கள். அது காலனிக்குப் போய்ப் பன்னிரண்டு பேரை அள்ளி வருகிறது. இதற்கு எந்த ஆப்பிலும் கட்டம் கிடையாது.

செவ்வாய், புதன் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சிலேட்டு உடைந்தது. பி.இ.ஓ. வருவதாகச் சொல்லி வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், முட்டை போடுகிற நேரத்தில், ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். எனக்கு ஒரு கிளாஸ் மேலே படித்தவன். வாழைத்தார் லோடு ஏற்றுகிறவன். தோளில் துண்டு, வாழைக்கறை. பையனுக்கு டி.சி. வேண்டும் என்றான். பையன் இரண்டாங்கிளாஸ். மஞ்சள் வேன் பள்ளியில் பேசியாகிவிட்டது, முதல் டெர்ம் கட்டினால் போதும்.

"பிள்ளைக்கு?" என்றார் பெரிய டீச்சர்.

பிள்ளை என்றது நம் சட்டாம்பிள்ளையைத்தான். இவன் மகள்.

"அவ இங்கயே படிக்கட்டும் டீச்சர். ரெண்டு பேருக்கும் கட்ட முடியுமா? அவ நல்லாத்தான படிக்கா."

"அதான் கேக்கேன். நல்லாப் படிக்கிறவள இங்க விட்டுட்டு, 'ழ' எழுதத் தெரியாதவனுக்குத் துட்டக் கட்டுதியே, என்ன கணக்குல இது?"

"அவன் ஆம்பளப் பய டீச்சர்..."

"ஏல, ஒனக்கும் நாந்தாம்ல 'ழ' சொல்லிக் குடுத்தேன்."

அவன் துண்டை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டான். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. லேப்டாப்பில் யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரிய டீச்சர் குரலைத் தாழ்த்தவில்லை. "டி.சி. தரமாட்டேன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. எழுதித் தாறேன். ஆனா ஒண்ணு. கூட்டிட்டுப் போனா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போ. இல்லன்னா ரெண்டையும் இங்க விடு. ஒண்ண வேன்ல ஏத்திட்டு இன்னொண்ண வாசல்ல நின்னு பாக்க வைக்காத."

ஆகஸ்ட் 1-க்கு ஒரு வாரம்கூட இல்லை. 34-ல் இரண்டு போனால் 32. வாயை மூடிக்கொண்டு ஒரு டி.சி.யை எழுதியிருந்தால் 33. சின்ன டீச்சர் சாதக்கரண்டியோடு நின்று பெரிய டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன், "வீட்ல கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று கிளம்பினான். பைக் இரண்டு உதையில் ஸ்டார்ட் ஆகவில்லை, மூன்றாவதில் ஆனது.

வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் வேன் அவன் தெருவுக்குள் போவதைப் பார்த்தேன். சிறிது நேரத்தில் திரும்பி வந்தது. கண்ணாடி மேலே ஏற்றியிருந்ததால் உள்ளே யார் என்று தெரியவில்லை. ஒன்பது மணிக்குத் தண்டவாளத்தில் அடித்தார்கள். ஜெபம் முடிந்து பெரிய டீச்சர் போனோடு சர்ச் படியேறினார்.

நான் ஜன்னல் வழியாகப் போர்டைப் பார்த்தேன். 'பேசியவர்கள்' என்று எழுதி அடிக்கோடு இழுத்திருந்தது. கீழே ஒரே ஒரு பெயர், அவள் தம்பியுடையது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து அதை எச்சில் தொட்டு அழிப்பதற்குச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தான்.