பெயர் பல, முதலாளி ஒருவன்

மாட்டுத்தாவணிப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்குகிறதே சர்ஃப் எக்ஸெல், அந்த முதலாளியின் சோப்புத்தூளுக்குப் பிரேஸிலில் ஓமோ என்று பெயர், இங்கிலாந்தில் பெர்சில். ஏன் இந்த மாறுவேஷம், தோழர்களே?

சட்டம் ஒரு காரணம். வியாபாரப் பெயர் நாட்டுக்கு நாடு தனிச் சொத்து. பெர்சில் 1907-ல் ஜெர்மனியின் ஹென்கெல் கம்பெனி வைத்த பெயர். இங்கிலாந்தில் அதன் உரிமை பெற்ற கிராஸ்பீல்டு கம்பெனி 1919-ல் லீவர் கைக்குப் போயிற்று. ஆகவே இன்றும் ஜெர்மன் பெர்சிலுக்கு ஒரு முதலாளி, இங்கிலாந்துப் பெர்சிலுக்கு வேறொருவன். வேடிக்கைதான்!

ஆனால் பெரிய காரணம் பழக்கம். 1959-ல் வந்த சர்ஃப், சோப்புத்தூள் என்பதற்கே பெயராகிவிட்டது. ஜனங்களின் வாயில் ஊறிய பெயரை எந்த முதலாளி கைவிடுவான்? தன் பெயரையே அல்லவா மாற்றிக்கொண்டான்! 1956-ல் 'ஹிந்துஸ்தான்' லீவர். 2007-ல் 'ஹிந்துஸ்தான்' யூனிலீவர். பங்கிலோ நூற்றுக்கு 60-க்கு மேல் லண்டன் யூனிலீவர் கையில்.