போஸ்ட்டில் பார்த்துக்கொள்ள முடியாது

“எதுல எடுத்தா என்ன, போஸ்ட்ல பாத்துக்கலாம்.” சின்ன பட்ஜெட் படங்களை, எல்லாப் பாரத்தையும் போஸ்ட் புரொடக்‌ஷன் மீது போடும் இந்த ஒரு வாக்கியம் கெடுத்த அளவுக்கு வெயிலும் மழையும்கூடக் கெடுத்ததில்லை. மெயின் கேமரா வினாடிக்கு 25 ஃபிரேமில், இரண்டாவது கேமரா 30-ல், இடையிடையே செல்போன் ஷாட்கள். எல்லாவற்றையும் ஒரே டைம்லைனில் கொட்டி, எக்ஸ்போர்ட் செய்யும்போது 24-ஐத் தேர்ந்தெடுத்தால் சினிமா ஆகிவிடும் என்று குறும்படக்காரர்களிலிருந்து முதல் பட இயக்குநர்கள்வரை நம்புகிறார்கள். ஆகாது. ஃபிரேம் ரேட் முதல் ஷாட்டுக்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம்.

எடிட்டிங் சாஃப்ட்வேர் யாரையும் தடுப்பதில்லை, அதுதான் ஆபத்து. 30-ல் எடுத்த ஷாட்டை 24 டைம்லைனில் வைத்தால், சத்தமில்லாமல் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடும். உட்கார்ந்து பேசுகிற ஷாட்டில் இது தெரியாது. அண்ணா சாலையில் போகும் பேருந்தைக் கேமரா பேன் செய்து தொடர்கிற ஷாட்டைப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு ஆறு முறை பேருந்து துள்ளும். லேப்டாப்பில் பார்க்கும்போது சிஸ்டம் ஸ்லோ என்று கடந்துவிடுவார்கள். தியேட்டர் திரையில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. ஆப்டிகல் ஃப்ளோ இருக்கிறதே என்பார்கள். அது இல்லாத ஃபிரேமை ஊகித்து வரைகிறது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருக்கும் முகம் கம்பியோடு சேர்ந்து இழுபடும்.

இன்டர்லேஸ் விஷயத்தில் நம்பிக்கை இன்னும் குருட்டுத்தனமானது. பழைய டிவி முறையில் ஒரு ஃபிரேம் என்பது இரண்டு ஃபீல்டுகள்: ஒற்றைப்படை வரிகள் ஒன்றில், இரட்டைப்படை வரிகள் மற்றொன்றில். வினாடிக்கு ஐம்பது ஃபீல்டு ஓடும் 50i-யில் இரண்டுக்கும் நடுவே வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. அதற்குள் கை அசைந்திருந்தால், விரல்களின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியான டிசிபியில் இன்டர்லேஸுக்கு இடமே கிடையாது. எனவே ஃபீல்டுகளைப் பிரித்து முழு ஃபிரேமாக்கித்தான், அதாவது டீஇன்டர்லேஸ் செய்துதான், ஆக வேண்டும். ஆனால் முதலில் படத்தை எச்டி அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு, பிறகு டீஇன்டர்லேஸ் செய்கிறார்கள். பெரிதாக்கும்போதே இரண்டு ஃபீல்டின் வரிகளும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. அதற்குப் பிறகு எந்த ஃபில்டராலும் அவற்றைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. முதலில் டீஇன்டர்லேஸ், பிறகுதான் அளவு மாற்றம். இந்த ஒரு வரிசையை மாற்றியதாலேயே வீணான ஆவணப்படங்கள் இருக்கின்றன.

டீஇன்டர்லேஸ் பட்டனை எல்லாவற்றின் மீதும் அழுத்துவதும் தப்பு. ஃபைல் தன்னை இன்டர்லேஸ் என்று சொல்லிக்கொள்வதை மட்டும் நம்பாதீர்கள். அசைவுள்ள ஒரு ஷாட்டைத் திறந்து, அம்புக்குறியை அழுத்தி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். அசையும் இடமெல்லாம் ஒவ்வொரு ஃபிரேமிலும் பல் தெரிந்தால் அது உண்மையான 50i. பல்லே இல்லையென்றால், 25 முழு ஃபிரேம்களை 50i உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இதை டீஇன்டர்லேஸ் செய்தால் இருக்கிற தெளிவில் பாதியை நீங்களே அழிக்கிறீர்கள். மூன்று ஃபிரேம் சுத்தமாக, இரண்டு ஃபிரேம் பல்லோடு என்று மாறி மாறி வந்தால், 24-ல் எடுத்ததை அமெரிக்க 60i முறைக்குள் புல்டவுன் செய்து நுழைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதற்கு டீஇன்டர்லேஸ் தேவையே இல்லை. புல்டவுனைக் கழற்றினால் அசல் 24 ஃபிரேமும் அப்படியே திரும்பக் கிடைக்கும். பொத்தானுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உட்கார்ந்து பார்க்கிற மனிதருக்குத்தான் தெரியும்.

அசல் முழுசாகத் திரும்பிவரும் கோளாறு ஒரு வகை, ஊகித்து ஒட்டுப்போடும் கோளாறு இன்னொரு வகை. “போஸ்ட்ல பாத்துக்கலாம்” என்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். முழுக்க 25-ல் எடுத்த படத்தை ஒரு ஃபிரேமும் இழக்காமல் 24-க்குக் கொண்டுபோகலாம், 4 சதவீதம் மெதுவாக்கினால் போதும். 100 நிமிடப் படம் 104 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். ஒலியும் கூடவே மெதுவாகும், சுருதி இறங்கும். அதைச் சரிசெய்ய சவுண்ட் இன்ஜினியருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். செல்போன் ஷாட்டுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. பெரும்பாலான போன்களில் ஃபிரேம் ரேட் நிலையாக நிற்பதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி ஏறி இறங்கும். எடிட் தொடங்கும் முன்பே அதை நிலையான ரேட்டுக்கு மாற்றாவிட்டால், வசனம் உதட்டைவிட்டு மெல்ல மெல்ல விலகும். 23.976-ம் 24-ம் ஒன்றுதானே என்று விடுவதும் இதே கதைதான். 23.976-க்குச் செய்த மிக்ஸிங்கை 24-ல் ஓடும் படத்தோடு சேர்த்தால், இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் ஏழு வினாடி பிசகு.

“வெளிநாட்டுக்காரர்கள் ஹேண்டிகேமிலேயே படம் எடுத்து ஜெயிக்கவில்லையா?” என்று கேட்பார்கள். ஜெயித்தார்கள். 1998-ல் தாமஸ் வின்டர்பெர்க்கின் ‘ஃபெஸ்டன்’ சின்ன சோனி ஹேண்டிகேமில் எடுக்கப்பட்டது. 2002-ல் டேனி பாய்லின் ‘28 டேஸ் லேட்டர்’ பெரும்பகுதி கேனன் எக்ஸ்எல்1-ல். இரண்டிலும் பால் (PAL) டிவி முறைக் கேமரா, வினாடிக்கு 25 ஃபிரேம். 24-ல் ஓடும் ஃபிலிமுக்குப் போக வெகு அருகில் நிற்கும் எண். கேமரா மலிவாக இருந்தது, திட்டம் மலிவாக இல்லை.

நம் ஊர் தயாரிப்பாளர் நகையை அடகு வைத்துப் படம் எடுக்கிறார். ஷூட்டிங்குக்கு முன்பு ஒரு அரை நாள் டெஸ்ட் எடுங்கள் என்றால் அதை வீண் செலவென்று சொல்கிறவர்கள், பிறகு அவரிடமே மூன்று வாரக் கூடுதல் எடிட் கூலி கேட்கிறார்கள். இது எனக்குக் கோபம் தருகிறது. டெஸ்ட் என்பது இவ்வளவுதான்: எல்லாக் கேமராவிலும் ஒரு பேன், ஒரு கிளாப், டியூப்லைட் எரியும் ஒரு அறை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 24-ல் எடுத்தாலும் ஷட்டரை வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கில் வைத்தால் விளக்கு மினுக்காது. இந்த டெஸ்ட் ஷாட்களை எடிட் செய்து, டிசிபியாக்கி, ஒரு தியேட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேமரா ரிப்போர்ட்டில் ஃபிரேம் ரேட்டுக்கு ஒரு கட்டம் போடுங்கள்.

ஆவணப்படக்காரர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை, அது உண்மை. 1995-ல் யாரோ எடுத்த கல்யாண வீடியோவை மறுபடி எடுக்க முடியாது. அதனால்தான் அவர்கள் இன்னும் பிடிவாதமாக இருக்க வேண்டும். கேசட் வைத்திருப்பவர், “ஏற்கெனவே எம்பி4 போட்டாச்சு, வாட்ஸ்அப்ல அனுப்புறேன்” என்பார். அதை வாங்காதீர்கள். கேசட்டையே கேட்டு வாங்கி, ஃபீல்டுகள் கலையாமல் 50i-யாகவே கேப்சர் செய்யுங்கள்.